சஸ்பென்ஸ் கணக்கு

வங்கியில் வருடா வருடம் கொடுக்கும் டைரியை எங்கள் வீட்டில் யாரும் டைரியாக எழுதியதில்லை. ஒன்று பால் கணக்குக்குப் போகும், இன்னொன்று பையன் படம் வரைய. 2015-ஆம் வருட டைரி மட்டும் இன்னும் பீரோவில் இருக்கிறது. மார்ச் 8 வரை வெள்ளைத் தாள். மார்ச் 9, திங்கட்கிழமைப் பக்கம் என் கையெழுத்தில் இப்படி ஆரம்பிக்கிறது: ‘காலை 7.40. இட்லி 3, தேங்காய்ச் சட்னி, காபி 1.’ அவ்வளவு சுத்தமான ஒரு பொய்யை அதற்கு முன்னால் நான் எழுதியதில்லை.

அப்போது விருதுநகரில் கேஷ் கவுண்டரில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது. பருப்பு மண்டி, எண்ணெய் மண்டி, வத்தல் மண்டி ஆட்கள் மஞ்சள் பையில் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வத்தல் மண்டிப் பணத்தை எண்ணினால் சாயங்காலம் வரை கண்ணைத் தொட முடியாது. நாலு மணிக்குக் கவுண்டரை மூடியதும் பேரேட்டில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. ஐம்பது ரூபாய் குறைந்ததற்காக இரவு எட்டு மணி வரை வவுச்சர்களைப் புரட்டிய நாள் உண்டு. கூடினாலும் தலைவலிதான், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் என்ற தலைப்பில் போட்டு வைப்போம், உரியவர் வந்து கேட்கும்வரை. குறைந்தால் கைக்காசு.

அந்த வருடம் பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை செய்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆனால் சர்க்கரை நோய். என் உயரம் 156 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. உயரத்துக்கும் எடைக்கும் போடும் கணக்கில் 32 வந்தது. நம் ஊர் உடம்புக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்று மருத்துவர் சொன்னார். என் அப்பாவுக்குச் சர்க்கரையில் இரண்டு கால்விரல்கள் போயின. அதனால் அந்த 6.1 எனக்குக் காகிதத்தில் இருந்த எண்ணாகத் தெரியவில்லை.

மதுரையில் ஓர் உணவு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. என்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண். அரிசியை நிறுத்து, சப்பாத்தி சாப்பிடு, காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடி என்று ஒரு தாளை நீட்டுவாள் என எதிர்பார்த்துப் போனேன். அந்தத் தாளை வாங்கி, மூன்று வாரம் கடைப்பிடித்து, நாலாவது வாரம் விட்டுவிடும் மனத்தயாரிப்போடுதான் போனேன். ஏற்கெனவே இரண்டு முறை அப்படி ஆகியிருந்தது.

“எதையும் மாத்தாதீங்க மேடம். ஒரு வாரம் எழுத மட்டும் செய்யுங்க. வாய்க்குள்ள போற எல்லாத்தையும். எத்தனை மணி, உட்கார்ந்தா நின்னுக்கிட்டா, பசிச்சுச்சா இல்லையா. அவ்வளவுதான்.”

இதற்கு முந்நூறு ரூபாயா என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

ஒரு வாரம் எழுதினேன். அடுத்த முறை போனபோது டைரியைப் புரட்டி, கால்குலேட்டரில் தட்டிவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: “ஒரு நாளைக்கு சராசரியா 1,150 கலோரி வருது. இது சரின்னா நீங்க இந்நேரம் இளைச்சிருக்கணுமே மேடம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய்க் கணக்கு எழுதுகிறவள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கதை சொன்னாள். 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆராய்ச்சி நடந்ததாம். நாளைக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை இறங்கவில்லை என்று சத்தியம் செய்த பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தியைச் சரியாக அளந்து பார்த்தால், உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியை அவர்கள் எழுதவே இல்லை. உழைத்ததை மட்டும் ஒன்றரை மடங்காக எழுதியிருந்தார்கள். “அவங்க ஏமாத்தலை மேடம். அவங்களுக்கே தெரியலை.”

எனக்கு மட்டும் தெரியாமல் போகுமா என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து அட்டை பிய்ந்த ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போட்டது, இந்திய உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து, எவ்வளவு என்று பட்டியல். அந்த நிறுவனம் முதலில் குன்னூரில்தான் 1918-இல் ஒற்றை ஆய்வறையாக ஆரம்பித்தது என்பதும், 1971-இல் அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்களில் முதன்மையான சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது எண்கள் மட்டும். நூறு கிராம் அரிசி 345. சீனி 398. நிலக்கடலை 567. எண்ணெய் 900.

பட்டியலில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சமைக்காத பொருள். நான் எழுதியிருந்ததோ சமைத்த உணவு. ‘சாம்பார் 1 கரண்டி’ என்றால் யார் வீட்டுச் சாம்பார், யார் வீட்டுக் கரண்டி? அமெரிக்காக்காரன் ரொட்டியை எண்ணலாம். நம் குழம்பை எப்படி எண்ணுவது? இதைச் சொல்லி அவளை மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவள் சாதாரணமாகக் கேட்டாள்: “சரி, மாசம் எண்ணெய் எவ்வளவு வாங்குறீங்க?”

வீடு திரும்பியதும் மளிகைச் சிட்டையைத் தேடி எடுத்தேன். ஆணியில் குத்தி வைக்கும் பழக்கம் இருந்ததால் ஆறு மாதச் சிட்டையும் கிடைத்தது. எல்லாரும் படுத்த பிறகு சமையலறை விளக்கில் உட்கார்ந்து நான் செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அசல் பேங்க் ஆடிட். வீட்டில் ஐந்து பேர்: நான், என் வீட்டுக்காரர், அத்தை, எட்டாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன். மாதம் எண்ணெய் 6 லிட்டர். எடையில் சுமார் ஐந்தரைக் கிலோ. ஐந்து பேருக்கு முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 37 கிராம். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு 20 கிராம் போதும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். என் டைரியில் இருந்ததோ ‘தாளிக்க 1 டீஸ்பூன்’. மீதி எண்ணெய் எங்கே போயிற்று, விளக்குக்கா ஊற்றினோம்?

சீனி அதைவிட மோசம். மாதம் நாலு கிலோ. வீட்டுக்காரர் டீயில் சீனி போடமாட்டார். அத்தைக்குக் கருப்பட்டிக் காபி. ஆக, மூன்று பேர்தான் கணக்கில். ஆளுக்கு நாளொன்றுக்கு 44 கிராம், ஏறக்குறைய ஒன்பது டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் அந்த வருடம்தான் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தது. என் டைரியின்படி நான் சாப்பிட்டது காபிக்கு ஒரு ஸ்பூன் வீதம் இரண்டு ஸ்பூன்.

டேலி ஆகவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஷார்ட்டேஜை நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரியே டைரியில் ஒரு கோடு போட்டுப் புதிய பத்தி ஒன்றை ஆரம்பித்தேன். தலைப்பு: சஸ்பென்ஸ். நினைவில்லாமல் வாய்க்குள் போனது, போன பிறகு நினைவுக்கு வந்தது எல்லாம் அதில். எழுதினால் மானம் போகும் என்று தோன்றுவதும் அதில்தான்.

அப்புறம்தான் நிஜமான கணக்கு வெளியே வந்தது. தோசை ஊற்றும்போது முதல் தோசை கல்லில் ஒட்டும். அந்தப் பிய்ந்த தோசையை யாருக்கும் போட முடியாது, என் வாய்க்கு. உப்புப் பார்க்கச் சாம்பார் ஒரு கரண்டி, உறைப்புப் பார்க்க இன்னொரு கரண்டி. வடை வேகிறதா என்று பார்க்க ஒரு வடை. முதல் ஈடு சரியாக வந்ததா என்று பார்க்க இன்னொன்று. மகள் தம்ளரின் அடியில் விட்டுவைக்கும் சத்துமாவுப் பால் இரண்டு மடக்கு. கேசரி கிண்டிய வாணலியில் ஒட்டியிருக்கும் நெய்க்கேசரியைச் சுரண்டிச் சாப்பிடுவதைத் ‘தின்பது’ என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. பாத்திரம் கழுவுவதற்கு முந்தைய வேலை அது. எல்லாவற்றுக்கும் மேலாக மகன் மிச்சம் வைக்கும் தோசை. ஏப்ரல் மாதம் மட்டும் ‘பையன் தோசை ½’ என்று பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. ஒன்பதரைத் தோசை. பசித்ததா என்ற பத்தியில் பத்தொன்பதிலும் ‘இல்லை’. நின்றா உட்கார்ந்தா என்ற பத்தியில் எல்லாம் ‘நின்று’.

பேங்கிலும் ஒரு சஸ்பென்ஸ் இருந்தது. நாலு மணிக்குக் கவுண்டர் மூடிய பிறகு, பணம் கட்டும் நேரத்தில் யாராவது ஒரு பொட்டலத்தைப் பிரிப்பார்கள். எங்கள் வட்டாரத்தின் சாபம் அது. தெற்கே போனால் சாத்தூர்ச் சேவு, இன்னும் தெற்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. யார் எந்தத் திசைக்குப் போய் வந்தாலும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு கையால் கட்டு, மறு கையால் சேவு. நோட்டில் எண்ணெய் படக்கூடாது என்பதில் மட்டும் அவ்வளவு கவனம். கை எத்தனை முறை பொட்டலத்துக்குப் போனது என்று என்னைக் கேட்டால் தெரியாது. எத்தனை நூறு ரூபாய்க் கட்டு என்று கேட்டால் உடனே சொல்லுவேன்.

இந்தக் கூத்தையெல்லாம் முதலில் கவனித்தது அத்தைதான். அப்போது அவருக்கு எழுபத்துநாலு வயது. ராத்திரி நான் டைரியோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னம்மா எழுதுற?”

“சாப்பிட்டதை எழுதுறேன் அத்தை. டாக்டர் சொன்னாங்க.”

“சோத்தையா எண்ணுற?”

அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை, பயம். நம் வீடுகளில் இட்லியை எண்ணிப் போடமாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தவன் எத்தனை சாப்பிட்டான் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும், உடம்பில் ஒட்டாது. ‘ஒண்ணு வச்சுக்கோ’ என்று கேட்பதுகூடக் குறைவான பேச்சு, ‘வச்சுக்கோ’ என்றுதான் சொல்ல வேண்டும். என் அம்மாவும் அப்படித்தான். எனக்கு மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தும் அத்தை அப்படிக் கேட்டதும் டைரியை மூடிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூண்டு உரித்துக்கொண்டே அவரே பேச்சை எடுத்தார். ‘நான் எண்ணியிருக்கேன்மா’ என்றார். 1966. என் வீட்டுக்காரர் கைக்குழந்தை. மழை பொய்த்து, கரிசல் காட்டில் கம்பும் சோளமும் கருகிப்போன வருடங்கள். அரிசி கண்ணில் படாது. ரேஷனில் அமெரிக்காவிலிருந்து வந்த மைலோ சோளம் போடுவார்கள், சிவப்பாக இருக்கும், எத்தனை கொதித்தாலும் வேகாது. மாமா மில்லுக்குப் போகிறவர், அவருக்கு முதலில். அப்புறம் கொழுந்தன்மார் இரண்டு பேர், மாமியார், பெரிய பிள்ளை. பானையில் எத்தனை உருண்டை என்று எண்ணித்தான் தட்டில் போட வேண்டும். கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு உருண்டை மிஞ்சாது. தட்டுகளில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நீச்சத்தண்ணி குடிப்பார். “எண்ணாம சோறு போட ஒரு காலம் வராதான்னு அப்ப நெனைச்சிருக்கேன்.”

மறு வருடம் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லித்தான் ஆட்சியே மாறியது. எங்கள் ஊரில் காமராஜரையே ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். அதற்குக் காரணம் என்னவென்று பத்திரிகைகளில் பலர் பலவிதமாக எழுதிவிட்டார்கள். அத்தையின் கணக்கில் காரணம் ஒன்றுதான், பானை.

அவர் எழுந்து போன பிறகு வெகுநேரம் அங்கேயே இருந்தேன். தட்டில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடும் வழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, எல்லார் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அத்தை உட்காருவார். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. நானும் அப்படியே உட்கார ஆரம்பித்தேன். அவர் மிச்சத்தைச் சாப்பிட்டது வேறு சோறு இல்லாததால். நான் என் பங்கைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டேன். சோற்றை எறியக்கூடாது என்ற ஒரே சட்டம்தான் இருவருக்கும். அவரை அது எலும்பாக்கியது, என்னை 78 கிலோவாக்கியது.

அதன் பிறகு டைரியை மறைத்து எழுதவில்லை. ‘அத்தை, சோத்தை எண்ணலை, என் வாயை எண்ணுறேன்’ என்றேன். ‘வாய எண்ண என்ன இருக்கு, ஒண்ணுதான’ என்றார்.

எழுதியதால் எப்படி எடை குறைந்தது என்று பேங்கில் பலர் கேட்டார்கள். மனக்கட்டுப்பாடு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் பாதி சோம்பேறித்தனம். டைரியை ஃபிரிட்ஜின்மேல் வைத்திருந்தேன், பேனா எப்போதும் பிள்ளைகளிடம் போயிருக்கும். ஒரு முறுக்கை எடுத்தால் பேனா தேட வேண்டும், மணி பார்க்க வேண்டும், பசித்ததா என்று எழுத வேண்டும். ஒரு முறுக்குக்கு இவ்வளவு பாடா என்று திரும்ப டப்பாவில் போட்ட நாள்கள் உண்டு. கைக்கும் வாய்க்கும் நடுவே ஒரு கவுண்டர் வந்துவிட்டது, அவ்வளவுதான். கவுண்டரில் நிற்க யாருக்குப் பிடிக்கும்?

மீதிப் பாதியை மணி எழுதும் பத்தி செய்தது. என்ன சாப்பிட்டேன் என்பதைவிட எப்போது சாப்பிட்டேன் என்பதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. மதியச் சாப்பாடு 2.50, 3.10, 2.45 என்று இருக்கும். கவுண்டரில் வரிசை நிற்கும்போது எழுந்து போக மனம் வராது. அந்த அகோரப் பசியில் டிபன் பாக்ஸைக் காலி செய்தாலும் பசி நின்றது மூளைக்கு எட்டுவதற்குள் சேவுப் பொட்டலம் பிரிந்திருக்கும். சாயங்காலம் 6.30-க்கு வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றியபடியே சமையலறையில் கை நீளும். ஒரு மாத டைரியைப் பரப்பி வைத்தால் சஸ்பென்ஸில் முக்கால்வாசி இந்த இரண்டு நேரத்தில்தான் விழுந்திருந்தது. மேலாளரிடம் பேசி ஒன்றரை மணிக்குச் சாப்பிட எழுந்தேன். பதினோரு மணிக்கு ஒரு டப்பாவில் சுண்டல். சேவைத் தியாகம் செய்ததாக நினைவில்லை. நாலு மணிக்குப் பசி இல்லாததால் கை தானாகக் குறைந்தது.

மற்ற மாற்றங்களும் இப்படிச் சின்னவை. மகனுக்குத் தோசையைச் சின்னதாக ஊற்றினேன், மிச்சமே வரவில்லை. இத்தனை வருடம் இது தோன்றாமல் போனதுதான் வெட்கம். எண்ணெயைத் தூக்கிலிருந்து சாய்ப்பதை விட்டுவிட்டு ஸ்பூனால் எடுத்தோம். மாதம் ஆறு லிட்டர் நாலரை ஆனது. வீட்டில் ஒருவரும் ருசி குறைந்ததாகச் சொல்லவில்லை, வீட்டுக்காரர் மட்டும் மளிகைச் சிட்டையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் ஏதோ விட்டுவிட்டார் என்று சண்டைக்குப் போகக் கிளம்பினார். சோற்றை நிறுத்தவில்லை. தட்டில் முதலில் காய், அப்புறம் சோறு என்று வரிசையை மாற்றினேன்.

முதல் மூன்று மாதத்தில் நாலு கிலோ. தீபாவளி வரை இன்னும் மூன்று. அதன் பிறகு ஊசி நகரவே இல்லை. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் ஒரே எண். டைரியில் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் கையெழுத்தே கோபமாக இருக்கிறது. தினமும் எடை பார்த்ததும் தப்பு. முந்தின நாள் ஊறுகாய் கூடினால் மறுநாள் உடம்பில் தண்ணீர் தேங்கி ஒரு கிலோ ஏறிக் காட்டும். எடை குறையக் குறைய உடம்புக்கு வேண்டிய சக்தியும் குறையும், முன்பு பற்றாக்குறையாக இருந்த அளவே இப்போது சரிக்குச் சரி ஆகிவிடும் என்று ஆலோசகர் சொன்னாள். ‘அக்கா’ என்று கூப்பிடும் அளவுக்கு நெருங்கியிருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும், ஞாயிறு காலையில் எடை பார்க்கச் சொன்னாள். அமெரிக்காவில் 1,700 பேர் வரை வைத்து நடத்தி 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் எழுதியவர்களுக்கு எழுதாதவர்களைவிட இரண்டு மடங்கு எடை குறைந்ததாகவும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான்தான் தினமும் எழுதுகிறேனே.

அந்த மூன்று மாத எரிச்சலில் அவள் சொன்ன இன்னொரு மனிதர்தான் எனக்குத் துணையாக இருந்தார். சாங்டோரியோ என்று இத்தாலியின் பாதுவா நகரில் ஒரு மருத்துவர். நானூறு வருடங்களுக்கு முன்பு தராசில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, சாப்பிட்டதையும் குடித்ததையும் வெளியே போனதையும் முப்பது வருடம் எடை போட்டவர். 1614-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அவருக்கும் டேலி ஆகவில்லை! எட்டு பவுண்டு உள்ளே போனால் வெளியே வருவது மூன்றுதான். மீதி ஐந்து பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஆவியாகப் போகிறது என்று எழுதி வைத்தார். முப்பது வருடம் தராசில் தொங்கிய மனிதருக்கும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு தேவைப்பட்டிருக்கிறது. அவர் வீட்டில் சமைத்தவள் யார், அவள் என்ன சாப்பிட்டாள் என்று யாரும் எடை போட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் மே மாதம் 69 கிலோவில் நின்றேன். ஹெச்பிஏ1சி 5.6. அதன் பிறகு டைரியைத் தினமும் எழுதுவதை நிறுத்தினேன். ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது. ஒரு மாதம் எழுதினேன், போயிற்று. இப்போதும் அப்படித்தான், பாவாடை நாடா சொல்லும்போது டைரியை எடுப்பேன்.

டைரி எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். மகள் கல்லூரிக்குப் போன வருடம், என்னைப் பார்த்து அவளும் எழுத ஆரம்பித்தாள். அவளுடையது டைரி இல்லை, போனில். பாக்கெட்டின் கோடுகளைக் காட்டினால் அதுவே கலோரி சொல்லும். முதலில் பெருமையாக இருந்தது. பொங்கலுக்கு வந்தவள் சர்க்கரைப் பொங்கலை ஒரு ஸ்பூன் எடுத்து, போனில் தேடி, ஸ்பூனைத் திரும்ப வைத்தாள். அவள் எடை 48 கிலோ. அத்தை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதாமல் சாப்பிடப் பயமாக இருக்கிறது என்று ராத்திரி என்னிடம் சொன்னாள். மதுரைக்கு அவளைக் கூட்டிப் போனேன். அந்தப் பெண் அவளை எழுதச் சொல்லவில்லை, போனிலிருந்து அதை அழிக்கச் சொன்னாள். எனக்குச் சொன்னதற்கு நேர் எதிராக. வீட்டுச் சாப்பாட்டை எண்ணாமல் சாப்பிட அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நான் என் டைரியைப் பூட்டித்தான் வைத்திருந்தேன்.

2022-இல் அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போயிற்று, பசி திரும்பவில்லை. எண்பத்தோரு வயதில் 41 கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் 37-க்கு வந்துவிட்டார். “என்ன சாப்பிடுறாங்கன்னு தெரியாம மருந்து எழுத முடியாது. ஒரு வாரம் எழுதிட்டு வாங்க” என்றார் எங்கள் ஊர் டாக்டரம்மா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புதிய டைரியில் கோடு போட்டேன். காலை இட்லி ½. மதியம் ரசம் சோறு 3 கரண்டி. சாயங்காலம் கருப்பட்டிக் காபி, பாதி. இந்த முறை எண்கள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோற்றை எண்ணக்கூடாது என்று சொன்னவர் இப்போது தினமும் காலையில் அதைப் பற்றி விசாரிப்பார். நாலாவது நாள் தட்டை வாங்கிக்கொண்டு நான் கட்டிலை விட்டு எழுந்தபோது கேட்டார்.

“என்ன எழுதப்போற?”

“அரைன்னுதான் அத்தை.”

“ஒண்ணுன்னு போடு. டாக்டரம்மா வையும்.”

“சாப்பிட்டது அரைதான, அத்தை?”

“மிச்சத்த நீதான தின்ன? ரெண்டும் சேர்ந்தா ஒண்ணு வரலையா?”

நான் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது.